இரவல் நாக்கு

டீச்சர் நீட்டிய தக்காளியைக் கரண்டியார் இரண்டாகப் பிளந்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் டீச்சரும் தபால்காரரும் பூசணியம்மாவும் எதிர்ப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா கண்ணைத் திறந்துவிட முடியுமா? “ஆகா!” என்றார். தபால்காரருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. அது அவர் வீட்டுக் கொல்லையில் காய்த்த தக்காளி.

அச்சகத் தொழிலாளர் கேன்டீன் அது. மதியக் கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து, தரையைக் கழுவிவிட்டிருந்த நேரம். கரண்டியார் அங்கே சமையல் மாஸ்டர். எந்நேரமும் கையில் கரண்டி இருந்ததால் கரண்டி. தலை நரைத்தபோது மரியாதைக்கு ஒரு ‘யார்’ வந்து ஒட்டிக்கொண்டது. வந்திருந்த மூவரும் ஊரில் தோட்டம் போடுகிறவர்களின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். டீச்சர் செயலாளர், பாடம் நடத்துகிற குரலிலேயே எதையும் சொல்வார். தபால்காரர் தக்காளிப் பைத்தியம். பூசணியம்மா ரயில் பாதையோரத் தரிசு நிலத்தைத் தனி ஆளாகக் கொத்திக் கொடியேற்றி, பெயரையும் அதிலிருந்தே சம்பாதித்துக்கொண்டவர்.

“விளைச்சல் நாள்னு ஒண்ணு நடத்தப்போறோம் மாஸ்டர்,” என்றார் டீச்சர். “ஒரே நீளமான மேசை. ஊரே உட்கார்ந்து சாப்பிடணும். மேசைக்கு வர்றது எல்லாம் இங்கேயே விளைஞ்சதா இருக்கணும். சைக்கிள்ல போய்க் கொண்டுவர்ற தூரத்துக்குள்ள. அதான் சட்டம்.”

“உப்புக்கு மட்டும் விலக்கு,” என்றார் தபால்காரர். “கடல் இந்தப் பக்கம் வரமாட்டேங்குது, என்ன பண்றது?”

“சமைக்க உங்களை விட்டா யாரு இருக்கா?” என்று பூசணியம்மா முடித்து வைத்தார். அந்த ஒரு வாக்கியம் போதும், கரண்டியாரை விலைக்கு வாங்கிவிடலாம். யோசிக்காமல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “பண்ணிருவோம்” என்றுவிட்டார். மூலை மேசையில் உட்கார்ந்து தொழிலாளர்களின் சீருடைகளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையைக் கரண்டியார் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டார்.

விஷயம் இதுதான். போன மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவருடைய மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு போனதும் நாக்கும் பின்னாலேயே போயிற்று. நாக்கு நுனியில் உப்பு லேசாகக் கரிக்கும், மிளகாய் சுடும். அதற்குமேல் வாயில் போட்டது வெங்காயமா காகிதமா என்று தெரியாது. வீட்டில் ஒருநாள் அடுப்பில் பால் கருகிச் சமையலறை முழுக்கப் புகை. அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆனந்தமாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. டாக்டர் ‘வரும், வராமலும் போகும்’ என்றார். அதற்கு எதற்கு டாக்டர் என்று கரண்டியார் திட்டிக்கொண்டே வந்தார்.

இதை வெளியில் சொல்லக்கூடாது என்று அவர் மனைவியிடம் சத்தியம் வாங்காத குறை. ருசி தெரியாத சமையல்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போவதுகூட இரண்டாம்பட்சம். ‘பாவம், கரண்டியாருக்கு இப்படி ஆயிருச்சாம்’ என்று ஊர் உச்சுக்கொட்டும் அல்லவா, அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சமையலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் ஆளை அடித்தவர் அவர். எதிர்த்தெருப் பேக்கரிக்காரரின் ரொட்டியை, சுவர் கட்ட உதவும் என்று சொல்லி ஊரையே சிரிக்கவைத்தவர். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது திரும்பிவரக் காத்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

கேன்டீனில் எப்படியோ வண்டி ஓடியது. அங்கே வரும் சரக்கெல்லாம் கிடங்கிலிருந்து மூட்டையிலும் டப்பாவிலும் வருவது. இன்றைய தக்காளி விழுதும் போன வருஷத்துத் தக்காளி விழுதும் இரட்டைப் பிள்ளைகள். சரக்கு மாறாதவரை கை அளவும் மாறவேண்டியதில்லை. இத்தனை பேருக்கு இத்தனை பிடி என்று கை தானாகப் போட்டது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி ருசி பார்த்துச் சொல்வாள். அவள் தையல்காரி. அவளுக்குத் தெரிந்த பாஷையில்தான் சொல்வாள். “உப்பு கொஞ்சம் லூசா இருக்கு. காரம் கழுத்துல பிடிக்குது.” கரண்டியார் தலையில் அடித்துக்கொள்வார். “நான் என்ன குழம்பு வெச்சிருக்கேனா, சட்டை தெச்சிருக்கேனா?”

ஆனால் அவரே சாப்பிடுவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. வாயில் எதை வைத்தாலும் பஞ்சு. இரண்டு வாய்க்குமேல் இறங்காது. ஆள் இளைத்துக்கொண்டே போனார். மனைவி அவருடைய கால்சட்டைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் பிடித்துத் தைத்தாள். தைத்தது மறுபடியும் நழுவ ஆரம்பித்தபோது, இனி பிரித்துத் தைக்க மனசில்லாமல், ஒரு ஊக்கை மாட்டிவிட்டாள். “திரும்பச் சதை போடுவீங்கல்ல, அப்ப எடுத்துக்கலாம்” என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அந்த ஊக்கைப் பற்றிப் பேசியதில்லை.

விருந்துக்கு ஒத்துக்கொண்ட மறுநாளே தோட்டக்காரர்கள் கொடுத்த காய்களை வைத்து வீட்டில் ஒத்திகை பார்த்தார். காய்கறி சூப், அதே கை அளவு. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “புளிப்பு ரொம்ப டைட்டுங்க.” அடுத்த நாள் வேறு வீட்டுத் தக்காளி, அதே அளவு. “இது தொளதொளன்னு இருக்கு.” மூன்றாம் முறை மிளகாய், சங்கத்தைச் சேர்ந்த ஒரு நர்ஸ் மொட்டைமாடித் தொட்டியில் வளர்த்தது; மனைவி தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடினாள். ஒவ்வொரு கொல்லைக்கும் ஒரு குணம், ஒரே செடியில்கூடக் கீழ்க்காய் ஒரு விதம், மேல்காய் ஒரு விதம். கிடங்குச் சரக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். இவை எதுவும் கேட்காது. ருசி பார்க்க நாக்கு இல்லாமல் இவற்றை மேய்க்கவே முடியாது என்பது கரண்டியாருக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. கை அளவு காப்பாற்றும் என்று நம்பித் தலையைக் கொடுத்திருந்தார். இப்போது அந்தக் கையே பயனில்லை.

“வேணாம்னு சொல்லிருங்க,” என்றாள் மனைவி. “மூட்டுவலின்னு சொல்லுங்க.”

“கரண்டிக்கு மூட்டுவலின்னா நம்புவாங்களா?”

“அப்ப உண்மையைச் சொல்லுங்க.”

அவர் எழுந்து கைகழுவப் போய்விட்டார். கடைசியில் இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள். அன்றைக்கு அவள் பக்கத்திலேயே நிற்பாள். கிண்ணத்தில் வாங்கிக் குடித்துப் பார்ப்பாள். உப்பு வேண்டுமானால் காலரைத் தொடுவாள். புளிப்பு அதிகமென்றால் கைமடிப்பை இழுத்துவிடுவாள். காரத்துக்குப் பொத்தான். எல்லாம் சரி என்றால் தோளிலிருந்து நூல் எடுப்பது மாதிரி எடுப்பாள். அவர் எல்லாவற்றையும் இரண்டு தரம் ஒப்பித்துக் காட்டினார்.

விளைச்சல் நாள் அன்று காலையில் அச்சகத்துப் பின்னால் இருந்த மைதானம் ஆளே மாறிப்போயிருந்தது. பள்ளியிலிருந்தும் கேன்டீனிலிருந்தும் வந்த மேசைகளை ஒன்றோடொன்று இணைத்து, சுவரில் ஆரம்பித்து மைதானத்தின் மறுமுனை வேலிவரை ஒரே மேசையாக ஆக்கியிருந்தார்கள். உயரம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அது நடுவில் ஏறி இறங்கியது. சைக்கிளில், தள்ளுவண்டியில், குழந்தை வண்டியில்கூடக் காய்கள் வந்து இறங்கின. மண் ஒட்டிய கேரட், கோணல் முள்ளங்கி, ஒன்றைப்போல் ஒன்று இல்லாத உருளைக்கிழங்கு. பூசணியம்மா ஒரு பூசணியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு போனார். தபால்காரர் தோளில் தபால் பையையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார், உள்ளே தக்காளி.

கரண்டியார் அடுப்பு மூட்டி, குளியல்தொட்டி அளவுக்கு இருந்த அண்டாவை ஏற்றினார். பக்கத்தில் கரியடுப்பில் பூசணித் துண்டுகள் தோலோடு சுட்டுக்கொண்டிருந்தன. உள்ளூர்ச் செக்கு எண்ணெய் காய்ந்து வெங்காயம் விழுந்தபோது வந்த சத்தம் அவருக்குப் புரிந்தது. அதில் அவரை ஏமாற்ற முடியாது. சத்தம் தணிகிற விதத்தில் வெங்காயம் வதங்கிவிட்டது தெரிந்தது, நிறத்தில் பூண்டு சிவந்தது தெரிந்தது. ‘இவ்வளவுதானே, சமாளிச்சிரலாம்’ என்று நினைத்தார். மனைவி பக்கத்தில் கிண்ணத்தோடு தயாராக நின்றாள். சரியாக அந்த நேரத்தில் மேடைப் பக்கம் ‘பர்ர்’ என்று ஒரு சத்தம். காற்று பலமாக அடித்து, வரவேற்புத் துணி இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

டீச்சர் ஓடிவந்தார். “அம்மா, ஊசி நூல் வெச்சிருக்கீங்களா? கொஞ்சம் வாங்க, உங்களை விட்டா யாரு இருக்கா?” அதே வாக்கியம். மனைவி கரண்டியாரைப் பார்த்தாள். கரண்டியார் மனைவியைப் பார்த்தார். டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார். போகிற போக்கில் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்ததைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குள் தபால்காரர் வந்து பையைக் கவிழ்த்தார். சிவப்பு, மஞ்சள், கோடுபோட்டது, இன்னும் பச்சை மாறாதது என்று எல்லாம் கலந்து அண்டாவுக்குள் உருண்டன. “எல்லாத்தையும் போட்டுருங்க மாஸ்டர், ஒண்ணை விட்டா ஒண்ணு கோவிச்சுக்கும்!” என்று சிரித்துக்கொண்டே போனார். கரண்டியார் துடுப்பால் கிளறினார். உப்பை எடுத்து, போடாமல், கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். சுட்டது. அவ்வளவுதான். இன்னொரு கரண்டி. அதுவும் சுட்டது. மேசைப் பக்கம் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அச்சகத்தார் குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். உள்ளங்கையில் உப்பு வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

“யோவ், அடி பிடிக்குதுய்யா!”

பேக்கரிக்காரர். ரொட்டிக் கூடையை இறக்கிவைக்க வந்தவர். உள்ளூர்க் கோதுமை, உள்ளூர் மாவு, மூஞ்சியில் மட்டும் எப்போதும்போலக் கடுகடுப்பு. கரண்டியார் அண்டாவுக்கு நேர்மேலே, ஆவி முகத்தில் அடிக்க நின்றுகொண்டிருந்தார். கருகல் வாடை பத்தடி தள்ளி இருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. பேக்கரிக்காரர் அண்டாவைப் பார்த்தார். அப்புறம் கரண்டியாரைப் பார்த்தார். மாவு வேகும் மணத்தை வைத்தே நேரம் சொல்கிற மூக்கு அது. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“எப்பத்திலேருந்து?” என்று கேட்டார், குரலை இறக்கி.

பொய் சொல்லலாம். ஜலதோஷம் என்று சொல்லலாம். “மழைக்காலத்துலேருந்து,” என்றார் கரண்டியார்.

இனி இவன் சிரிப்பான் என்று காத்திருந்தார். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “கிளறாதே. அடியைத் தொடாம மேலாகப் பக்கத்துல இருக்கற காலி அண்டாவுக்கு மாத்து,” என்றார். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் மொண்டு மொண்டு மாற்றினார்கள். மாற்றி முடித்ததும் பேக்கரிக்காரர் ஒரு வாய் குடித்தார். அவர் கண் ஒன்று தானாக மூடிக்கொண்டது. “புளிப்பு தூக்கி அடிக்குது. கருகல் கொஞ்சம் தங்கிருச்சு. வேற சொல்லத் தெரியல, நான் ரொட்டிக்காரன். உன் நாக்கு மாதிரி வருமா?”

அந்தக் கடைசி வார்த்தையை அவன் நக்கலாகச் சொல்லவில்லை என்பதுதான் கரண்டியாரை உலுக்கிவிட்டது. இத்தனை வருஷம் எதிரி என்று நினைத்திருந்த ஆள் தன் நாக்கை மதித்திருக்கிறான். அவர் மைதானத்தைப் பார்த்தார். தபால்காரர் யாரிடமோ தக்காளிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பூசணியம்மா மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தார். நர்ஸ், மொட்டைமாடி மிளகாய்க்காரி, பெஞ்சில் ஏறி நின்று யாரையோ கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் ஒவ்வொருவரும் தன் காயைப் பச்சையாகவும் வேகவைத்தும் எத்தனை தரம் தின்றிருப்பார்கள்! தன் பிள்ளையின் குரலைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கிற மாதிரி தன் காயை இந்த அண்டாவுக்குள் கண்டுபிடிப்பார்களே! நாக்கு இல்லை இல்லை என்று மூலையில் ஒளிந்துகொண்டிருக்கிறோம், இங்கே ஊர் முழுக்க நாக்கு.

பக்கத்திலிருந்த பெஞ்சின்மேல் ஏறினார். அடிபிடித்த பழைய அண்டாவின்மேல் துடுப்பால் ஓங்கி ஓர் அடி அடித்தார். மைதானமே திரும்பிப் பார்த்தது. மேடைமேல் துணியில் ஊசி குத்திக்கொண்டிருந்த மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் கேளுங்க,” என்றார். “எனக்கு மூக்கும் போச்சு, நாக்கும் செத்துப்போச்சு. காய்ச்சல்ல போனது இன்னும் வரல. இதுவரைக்கும் மறைச்சேன், இனிமே முடியாது. சூப்பு அடுப்புல இருக்கு. நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. காய் கொண்டுவந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு ஸ்பூனோட இங்க வாங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

அச்சகத்து ஃபோர்மேன் வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் நின்றார். கரண்டியாருக்கு இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்போது பூசணியம்மா மேசையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார். அண்டாவில் விட்டு எடுத்து, ஊதி, குடித்தார்.

“என் பூசணியைக் காணோமே!” என்றார் கோபமாக.

“பூசணி இன்னும் போடல, கரியில சுட்டுட்டிருக்கு,” என்றார் கரண்டியார்.

“அதைச் சொல்லுங்க!”

சிரிப்பு வெடித்தது. அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. தபால்காரர் முண்டிக்கொண்டு வந்தார். நர்ஸ் வந்தாள். முள்ளங்கிக்காரர், வெங்காயம் போடும் பஸ் டிரைவர், டீச்சர் எல்லோரும் அண்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்குச் சொன்னார்கள். “உப்பு இல்ல!” “உப்பு சரியா இருக்கு, உங்களுக்குத்தான் பி.பி.” “காரம் தொண்டையில நிக்குது.” “நிக்கட்டும், அது என் மிளகாய்!” சந்தைக் கடையில்கூட இவ்வளவு சத்தம் இருக்காது. கரண்டியார் துடுப்பை உயர்த்தினார்.

“இப்படிக் கத்தினா நான் என்னத்தைச் செய்ய? உப்பு அப்புறம். முதல்ல புளிப்பு. தபால்காரரே, புளிப்பு நாக்குல எங்க தெரியுது?”

தபால்காரர் கண்ணை மூடினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். “ஓரத்துல, மாஸ்டர். ரெண்டு பக்கமும் சுருக்குங்குது. போகமாட்டேங்குது.”

“பல்லு கூசுதா?”

“ஆமா, லேசா.”

“அது பச்சைக் காய். பழம்னா இவ்வளவு பிடிவாதம் பண்ணாது. டிரைவர் தம்பி, வெங்காயத்தோட இனிப்பு தெரியுதா?”

“ஆரம்பத்துல இருக்கு அண்ணே, அப்புறம் காணாமப் போயிருது.”

“கருகல்?”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர்தான் சொன்னார். “குடிச்சு முடிச்சப்புறம், மூச்சு விடும்போது வருது.”

கரண்டியார் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் சுருக், தொடக்கத்தில் இனிப்பு, முடிவில் கருகல். அவருக்குள் அந்த சூப் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றது. மாதக்கணக்காக வெறும் பஞ்சும் வெந்நீருமாக இருந்த இடத்தில் வடிவம் தெரிந்தது. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரிந்தது. நாக்குதான் செத்துப்போயிருந்தது. அந்த நாக்கு இத்தனை வருஷமாகச் சேர்த்துக் கொடுத்ததெல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது, யாராவது வந்து கதவைத் தட்டவேண்டியிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. வெங்காயப் புகை என்று எல்லோரும் நினைத்திருக்கலாம்.

“பூசணியம்மா, கரியிலேருந்து துண்டை எடுங்க. தோல் கருகியிருந்தாப் பரவாயில்ல, அந்தச் சுட்ட வாசனைதான் வேணும். சதையை மட்டும் வழிச்சு மசிச்சுப் போடுங்க. பாதிப் பூசணி. இனிப்பு புளிப்பைப் பிடிச்சு உட்காரவைக்கும். சுட்ட வாசனையோட வாசனையா அந்தக் கருகலும் போயிரும், யாருக்கும் தெரியாது.”

“இப்ப எங்க எல்லாருக்கும் தெரியுமே,” என்றார் டீச்சர்.

“நீங்க யாரும் வாயைத் திறக்காம இருந்தாச் சரி.”

பூசணி விழுந்தது. சூப்பின் நிறம் மாறுவதைக் கரண்டியார் பார்த்தார். துடுப்பு கனப்பதை வைத்துத் திரட்சி தெரிந்தது. மறுபடியும் ஸ்பூன்கள் இறங்கின. இப்போது ஒருவரும் கத்தவில்லை. தபால்காரர் நிதானமாக உதட்டை நக்கினார். “மாஸ்டர், சுருக்கு போயிருச்சு. ஆனா தக்காளி இருக்கு. என் தக்காளி இருக்கு!” என்றார், பரீட்சையில் பிள்ளை பாஸான அப்பா மாதிரி.

“இப்ப உப்பு,” என்றார் கரண்டியார். “இருக்கா, இல்லையா?”

“இல்ல!” என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கூட்டம் ஒன்றாக ஒத்துப்போனது அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில்தான். உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்த உப்பை அவர் தட்டிவிட்டு, புதிதாக அள்ளி, மேலிருந்து தூவினார். கை தானாக நின்ற இடத்தில் நின்றது. நர்ஸ் ருசி பார்த்துவிட்டு இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூன்றாவதும் எடுத்தாள்.

“போதும், போய் உட்காருங்க எல்லாரும்!” என்று கரண்டியார் துடுப்பை வீசி விரட்டினார். பழைய குரல். அச்சகத்து ஆட்களுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது; வயிறும் பசித்தது.

ஏறி இறங்கிய அந்த மேசையில் கிண்ணங்கள் கைமாறிக் கைமாறி வேலிவரை போயின. பேக்கரிக்காரரின் ரொட்டியைப் பிய்த்து நனைத்து எல்லோரும் தின்றார்கள். முதலில் கிண்ணத்தில் ஸ்பூன் படுகிற சத்தம்தான். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் பேச்சு ஆரம்பித்தது. ‘இதுல நான்தான் வெங்காயம்’ என்று டிரைவர் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறைக்கு வரிசை நின்றது. மூன்றாம் முறைக்கு அண்டாவைச் சாய்க்கவேண்டியதாயிற்று. ஃபோர்மேன் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டு எழுந்து வந்தார். கரண்டியார் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, வருவது வரட்டும் என்று நின்றார்.

“நாளைக்குக் கேன்டீனுக்கு நாங்க ஸ்பூன் கொண்டுவரணுமா, அங்கயே இருக்குமா?” என்று கேட்டார் ஃபோர்மேன்.

“அங்கயே இருக்கு,” என்றார் கரண்டியார். “வாயை மட்டும் கொண்டுவந்தாப் போதும். அது உங்ககிட்ட நிறையவே இருக்கு.”

மேசை முழுக்கச் சிரித்தது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அது வேலிவரை போய்த் திரும்பிவந்தது. பேக்கரிக்காரர் மட்டும் தட்டவில்லை. இரண்டு கையிலும் ரொட்டி வைத்திருந்தார். ஒன்றைக் கரண்டியார் பக்கம் நீட்டினார். “சாப்பிட்டுப் பாரு. சுவர் கட்டலாமான்னு சொல்லு.”

வரவேற்புத் துணியைத் தைத்து முடித்துவிட்டு மனைவி வந்தாள். வாயோரத்தில் இன்னும் ஒரு நூல் தொங்கியது. அவள் ஒரு கிண்ணத்தில் சூப்பை வாங்கி நின்றுகொண்டே குடித்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கரண்டியார் பார்க்கவில்லை, அவருக்குப் பயமாக இருந்தது.

“எங்கயும் இழுக்கல,” என்றாள் அவள். “எங்கயும் தொங்கல. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குங்க.”

அவரைத் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். நிறைய ஊற்றிய ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தாள். கரண்டியார் ஸ்பூனை எடுத்தார். வழக்கம்போல இரண்டு வாய், அதற்குமேல் இறங்காது என்று தெரியும். முதல் வாய் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த தபால்காரர், “இப்ப லேசாப் புளிக்கும் மாஸ்டர்,” என்றார். “இல்ல, முதல்ல இனிப்பு,” என்றார் பூசணியம்மா. “கடைசியில நான் வருவேன் பாருங்க,” என்றாள் நர்ஸ். சொன்ன மாதிரியே தொண்டையில் சூடாக ஒன்று இறங்கியது. மிளகாய். அது மட்டும் நிஜமாகவே தெரிந்தது. அவர் மூன்றாம் வாயை எடுத்தார். நான்காவதை எடுத்தார். பக்கத்தில் பேக்கரிக்காரர் ரொட்டி எப்படி இருக்கும் என்று இல்லாத வார்த்தைகளையெல்லாம் தேடித் திணறிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இவர் மென்றார். ஸ்பூன் கிண்ணத்தின் அடியைச் சுரண்டியபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இன்னொரு கரண்டி ஊத்து,” என்று மனைவியிடம் காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

அவள் ஊற்றினாள். அவர் குனிந்து குடிக்க ஆரம்பித்ததும், பின்னால் வந்து நின்று, அவர் இடுப்பில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றித் தன் மாராப்பில் குத்திக்கொண்டாள்.